பலகையில் செபித்த துறவி
(முத்திப்பேறு பெற்ற ஃபிரா ஆஞ்சலிக்கோவின் வாழ்க்கை)

விழாக் காலம் நெருங்கினால் பங்கு மக்களின் கண் முதலில் பீடத்தின் பக்கமே திரும்பும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், சுரூபங்களுக்கு வர்ணம் பூச வேண்டும், நற்கருணைப் பேழை பொன்னாய் மின்ன வேண்டும் என்று ஆளுக்கொரு ஆசை சொல்வோம். அதே கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து வேறொரு குரலும் எழும். வாசலில் ஏழைகள் நிற்கையில் பீடத்துக்கு இத்தனை செலவு தகுமா என்று அது கேட்கும். இரண்டு பேச்சும் பக்தியிலிருந்து பிறந்தவையே. இவற்றுள் எதைத் தள்ளுவது, எதைக் கொள்ளுவது?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டில், வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த துறவி ஒருவர், தங்கரேக்கையும் பொன்னுக்கு நிகரான விலையுள்ள நீல வர்ணத்தையும் கையில் எடுத்து, மரப்பலகைகளில் பீடப் படங்கள் தீட்டி வந்தார். அவரே ஃபிரா ஆஞ்சலிக்கோ. கலைஞர்களின் பாதுகாவலரென்று திருச்சபை அவரைப் போற்றுகிறது. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் அவருடைய வாழ்வை நம் மக்கள் முன் வைப்பது நலமென்று எண்ணி இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முகெல்லோ பள்ளத்தாக்கின் மகன்

புளோரன்ஸ் நகருக்கு வடக்கே முகெல்லோ என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே விக்கியோ என்னும் ஊரின் அருகே 1395-ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குயிதோ. தந்தையின் பெயர் பியெத்ரோ. இளமையிலேயே ஓவியத் தொழில் கற்றார். 1417-ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரில் ஒரு பக்த சங்கத்தில் அவர் சேர்ந்தபோது, ஓவியர் குயிதோ என்றே அவர் பெயர் பதிவாகியுள்ளது. கைத்தொழிலால் நல்ல வருவாய் ஈட்டி, பட்டறை வைத்துப் பிழைத்திருக்கக் கூடியவர். ஆயினும் அவர் உள்ளம் வேறொன்றை நாடியது.

புளோரன்சுக்கு மேலே குன்றின்மீது ஃபியேசோலே என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே புனித சாமிநாதர் சபையைச் சேர்ந்த ஒரு மடம் 1406-இல் நிறுவப்பட்டிருந்தது. பழைய ஒழுங்குகளைத் தளர்வின்றிக் கைக்கொள்ள வேண்டும் என்ற சீர்திருத்தத் துறவியரின் மடம் அது. குயிதோ அந்த மடத்தில் புகுந்தார். 1423-க்குள் அவர் சகோதரர் ஜொவான்னி, அதாவது நம் வழக்கில் அருளப்பர், என்ற துறவறப் பெயருடன் விளங்குவதைக் காண்கிறோம். அவருடைய உடன்பிறந்தவரான பெனதெத்தோவும் அதே சபையில் துறவியாகி, நூல்களைப் படியெடுத்து எழுதும் பணி செய்தார். ஆஞ்சலிக்கோ என்ற பெயரோ அவர் இறந்த பின்னர் மக்கள் அன்போடு சூட்டியது. சம்மனசைப் போன்றவர் என்பது அதன் பொருள்.

ஆடையை மாற்றியவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பிரசங்கிப்பது சாமிநாதர் சபையின் சிறப்புப் பணி. மற்றச் சகோதரர்கள் பிரசங்கத் தொட்டியில் நின்று சொன்னதை இவர் பலகையின்மேல் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

அக்காலத்துப் பீடப் படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தாலன்றி இவருடைய பொறுமையை நாம் உணர முடியாது. இன்று போல் கடையில் வாங்கும் துணியும் குழாயில் அடைத்த வர்ணமும் அன்று இல்லை. 1400-ஐ ஒட்டிய காலத்தில் சென்னினோ சென்னினி என்னும் ஓவியர், பட்டறைகளின் வழக்கங்களை ஒரு கைந்நூலாக எழுதி வைத்தார். ஓவியம் கற்பவன் வேதசாத்திரம் பயிலும் மாணவனைப் போல அடக்கமாக உண்டு வாழ வேண்டும் என்றும் அதில் அறிவுரை கூறினார். வேலை நடந்த முறையை அந்நூலால் நாம் அறிகிறோம்.

முதலில் நன்கு உலர்ந்த பாப்ளர் மரப்பலகைகளை இணைத்துத் தச்சர் சட்டம் அமைப்பார். ஆட்டுத்தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையைப் பலகைமேல் பூசுவார்கள். அதன்மேல் பழைய மெல்லிய சணல்நூல் துணியைப் பசையில் தோய்த்து ஒட்டுவார்கள். நாளடைவில் மரம் விரிந்தும் சுருங்கியும் அசையும்போது மேலேயுள்ள படம் வெடிக்காதிருக்க இத்துணி உதவும். பிறகு முரட்டுச் சாந்து பூசப்படும். அதற்கு மேல் மென்சாந்து. இம்மென்சாந்துக்காகச் சுட்ட ஜிப்சத்தை நீரில் இட்டு, இறுகிப் போகாதபடி ஒரு மாத காலம் நாள்தோறும் கிளறி வர வேண்டும். பின் அதைப் பசையோடு சேர்த்துக் குறைந்தது எட்டு முறை பூசி, தந்தம் போல் வழவழப்பாகும்வரை சுரண்டித் தேய்க்க வேண்டும். ஒரு கோடு வரையுமுன்னரே இத்தனை வேலை!

அடுத்துக் கரியால் உருவங்கள் வரையப்படும். பொன் வர வேண்டிய இடங்களில் சிவந்த களிமண்ணை முட்டையின் வெள்ளைக்கருவோடு குழைத்துப் பூசுவார்கள். பொற்காசைத் தட்டித் தட்டி மூச்சுக்காற்றில் பறக்குமளவு மெல்லிதாக்கிய தங்கரேக்கை அதன்மேல் படியவிடுவார்கள். பின் வழுவழுப்பான கல்லாலோ நாயின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். அடியிலுள்ள அந்தச் செம்மண்தான் பொன்னுக்குக் கதகதப்பான ஒளியைத் தருகிறது. பார்ப்பவர் பொன்னைப் புகழ்வர். மண்ணை யாரும் நினைப்பதில்லை.

இதன் பின்னரே வர்ணம். சாதிலிங்கம், ஈய வெள்ளை, பச்சை மண், நீலக்கல் முதலியவற்றைக் கல்லின்மேல் நீர்விட்டு நெடுநேரம் அரைத்து, ஏறத்தாழ அதே அளவு முட்டையின் மஞ்சட்கருவைச் சேர்த்துக் குழைப்பார்கள். இதையே டெம்பரா என்பர். மஞ்சட்கருவில் நீரும் எண்ணெய்ச் சத்தும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. நீர் விரைவில் உலர்ந்துவிடும். எஞ்சிய பகுதி நாள் செல்லச் செல்ல உறுதியான படலமாக இறுகிவிடும். இளம் முகங்களுக்குப் பட்டணத்துக் கோழி முட்டையின் வெளிறிய கருவும், முதியோரின் மங்கிய முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவும் ஏற்றவை என்று சென்னினி குறித்திருப்பது நமக்கு வியப்பூட்டுகிறது. அடுப்பங்கரையில் கிடைக்கும் எளிய முட்டையே தேவதாயின் திருமுகத்துக்கு உயிர் தந்தது!

இவ்வர்ணம் தூரிகை பட்ட சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். எண்ணெய் வர்ணத்தைப் போல் பலகைமேல் குழைத்து இழைக்க முடியாது. ஆகவே அணில்வால் மயிரால் செய்த மெல்லிய தூரிகையால், மயிரிழை போன்ற கோடுகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக இட்டு நிழலையும் ஒளியையும் உண்டாக்க வேண்டும். முகம் தீட்டுமுன் பச்சை மண்ணை அடியில் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பின் மூன்று தரங்களைப் படிப்படியாகச் சேர்ப்பார்கள். செபமாலை மணிகளை ஒவ்வொன்றாக உருட்டுவதைப் போன்ற வேலை இது. அவசரக்காரனுக்கு இது கைவராது.

நம் துறவி செபித்த பின்னரே தூரிகையைத் தொடுவார் என்றும், பாடுபட்ட ஆண்டவரைத் தீட்டும்போது கண்ணீர் வடிப்பார் என்றும் 1550-இல் ஓவியர் வரலாறு எழுதிய வசாரி கூறியுள்ளார். அவ்வாறு அவர் தீட்டிய தொடக்க காலப் படங்களுள் ஒன்று, 1425-ஐ ஒட்டி ஃபியேசோலே மடத்துக் கோவிலுக்காகச் செய்த மங்கள வார்த்தைக் காட்சியாகும். இடப்புறத்தில் ஆதாமும் ஏவாளும் தோட்டத்தைவிட்டு வெளியேறுகின்றனர். வலப்புறத்தில் கபிரியேல் தூதர் கன்னிமரியின் முன் தாழ்ந்து நிற்கிறார். மேலே இடப்புறமிருந்து வரும் பொற்கதிரோடு புறாவடிவில் பரிசுத்த ஆவி இறங்குகிறார். வீழ்ச்சியும் மீட்பும் ஒரே பலகையில்! எழுத்தறியாத மக்களும் இதைப் படித்தறிய முடியுமன்றோ?

பொன்னும் வறுமையும்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஃபியேசோலே மடத்தை நிறுவிய ஜொவான்னி தொமினிச்சி, குடும்பங்களுக்கென எழுதிய அறிவுரை நூலில், வீட்டில் பிள்ளைகள் பார்க்கத் திருப்படங்கள் வைப்பதை ஆதரித்தார். ஆனால் பொன்னும் வெள்ளியும் மிகுந்த படங்களைக் குறித்து எச்சரித்தார். பிள்ளைகள் படம் சுட்டும் பொருளை விட்டுப் பொன்னை வணங்கப் பழகிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். அத்தகைய மடத்தில் வாழ்ந்த ஒருவர் பொன்னைக் கையாள்வது எளிதான செயலன்று.

1433-இல் புளோரன்ஸ் நகரத்துத் துணி வணிகர் சங்கத்தார் தங்கள் மன்றத்தில் வைக்க, தேவதாயின் பெரிய படமொன்றை இவரிடம் கேட்டனர். வெண்கலக் கதவுகளால் பேர்பெற்ற கிபெர்ட்டி அதன் பளிங்குச் சட்டத்துக்கு வடிவம் வரைந்தார். உடன்படிக்கை எழுதப்பட்டது. உள்ளும் புறமும் மிகச் சிறந்த பொன், வெள்ளி, நீலம் ஆகியவற்றையே வழங்க வேண்டும் என்று சங்கத்தார் நிபந்தனை விதித்தனர். கூலியாக 190 பொற்காசுகள் குறிக்கப்பட்டன. அதோடு ஓர் அபூர்வமான வரியும் சேர்க்கப்பட்டது. அத்தொகையில் எவ்வளவு குறைக்கலாம் என்பதை அத்துறவியின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டனர்! தொழிலாளியின் கணக்கைப் பார்த்துப் பேரம் பேசும் வணிகர்கள், இவருடைய மனச்சாட்சியையே கணக்குப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். இதைவிடச் சிறந்த நற்சான்று வேறென்ன வேண்டும்? சேர்ந்த பணமும் அவர் கைக்கு உரியதன்று. வறுமை வார்த்தைப்பாட்டின்படி அது மடத்தின் பொதுச் சொத்தாயிற்று.

1436-இல் பாப்பரசர் நான்காம் யூஜீனியுஸ், புளோரன்ஸ் நகரிலிருந்த பழைய சான் மார்க்கோ மடத்தை ஃபியேசோலே துறவியருக்கு அளித்தார். செல்வந்தர் கோசிமோ தே மெதிச்சி பொருளுதவி செய்ய, மிக்கெலோட்ஸோ என்னும் சிற்பி அதைப் புதுப்பித்துக் கட்டினார். 1443-ஆம் ஆண்டு மூன்று இராசாக்கள் திருநாளன்று பாப்பரசரின் முன்னிலையில் கோவில் அபிஷேகம் நடைபெற்றது. அதன் பெரிய பீடத்துக்குரிய படத்தை ஆஞ்சலிக்கோ பலகையில் தீட்டினார். ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லின் வர்ணமும் பொன்னும் அதில் துலங்கின.

ஆனால் துறவியர் உறங்கும் அறைகளுக்குச் சென்று பார்த்தால் காட்சி வேறு. நாற்பதுக்கும் மேற்பட்ட அச்சிறு அறைகளில் அவரும் அவர் உதவியாளரும் ஈரச் சாந்தின்மேல் சுவரோவியங்கள் வரைந்தனர். சகோதரர்களின் அறைகளில் ஆடம்பரம் இல்லை. வெறுஞ்சுவர், சில உருவங்கள், அமைதியான மண் வர்ணங்கள், அவ்வளவே. மாடிப்படி ஏறியவுடன் எதிரே மங்கள வார்த்தைக் காட்சி. அதைக் கடந்து செல்பவர் அருள் நிறை மந்திரம் சொல்ல மறக்கலாகாது என்று அதன் கீழே நினைவூட்டல் எழுதப்பட்டுள்ளது. ஆண்டவருடைய பீடத்துக்குப் பொன், தங்கள் அறைக்குச் சுண்ணாம்பு என்பதே அவர்கள் கொண்ட ஒழுங்கு.

ஏழைகளை மறந்தார்களா? அக்காலத்தில் சான் மார்க்கோ மடத்துத் தலைவராக விளங்கியவர் ஆஞ்சலிக்கோவின் சபைச் சகோதரரான புனித அந்தோனினுஸ். வாழ்ந்து கெட்டு, கையேந்த வெட்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு இரகசியமாய் உதவ, 1442-இல் பன்னிரண்டு நல்ல மனிதரைச் சேர்த்து அவர் ஒரு சங்கம் அமைத்தார். நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் செய்யும் பணியை இது நினைவூட்டுகிறதன்றோ? பீடத்துக்குப் பொன் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மடத்திலிருந்து ஏழையின் வீட்டுக்கு உதவியும் சென்றது. ஒன்றைச் செய்து மற்றதை விட்டிருந்தால் அந்தப் பொன் அவர்களைக் குற்றஞ்சாட்டியிருக்கும்.

உரோமை நகரில்

1445-ஐ ஒட்டிப் பாப்பரசர் யூஜீனியுஸ் இவரை உரோமைக்கு அழைத்தார். புளோரன்ஸ் பேராயர் பதவி காலியானபோது பாப்பரசர் அதை இவருக்கே கொடுக்க எண்ணினார் என்றும், இவர் தாழ்ச்சியோடு மறுத்து அந்தோனினுஸைச் சுட்டிக்காட்டினார் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. 1446-இல் அந்தோனினுஸ் பேராயரானார் என்பது வரலாறு.

அடுத்த பாப்பரசரான ஐந்தாம் நிக்கொலாஸ், வத்திக்கான் அரண்மனையிலுள்ள தமது சிற்றாலயத்துக்குச் சுவரோவியங்கள் வரையும் பணியை இவரிடம் ஒப்படைத்தார். புனித முடியப்பரும் புனித லாரன்சும் அங்கே காட்சி தருகின்றனர். திருச்சபையின் செல்வத்தை லாரன்ஸ் ஏழைகளுக்குப் பங்கிடும் காட்சி அவற்றுள் ஒன்று. குருடரும் முடவரும் தாய்மாரும் குழந்தைகளும் கோவில் வாசலில் கூடிநிற்க, அவர்களை இளவரசர்க்குரிய மதிப்போடு தீட்டினார். பீடத்தின் பொன்னையும் வாசலில் நின்ற ஏழையையும் ஒரே அன்போடு பார்த்த கண்கள் அவை.

1450-இல் ஃபியேசோலே மடத்துக்குத் தலைவராகத் திரும்பி வந்து ஈராண்டு பணியாற்றினார். பின் மீண்டும் உரோமை சென்றார். 1455 பிப்ரவரி 18-ஆம் நாள் அங்கே சாந்தா மரியா சோப்ரா மினெர்வா மடத்தில் உயிர்நீத்தார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஓவியத் திறமைக்காகத் தம்மைப் புகழ வேண்டாம், தாம் ஈட்டியதையெல்லாம் கிறிஸ்துவின் ஏழைகளுக்குக் கொடுத்ததே தமக்குப் பெருமை என்னும் கருத்து அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டது.

புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1982-இல் பாப்பரசராயிருந்தபோது இவரை முத்திப்பேறு பெற்றவராகப் போற்ற அனுமதி அளித்தார். 1984-இல் கலைஞர்களின், சிறப்பாக ஓவியர்களின், பாதுகாவலராக அறிவித்தார். பிப்ரவரி 18 இவருடைய திருநாள்.

கெடுத்த கையும் காத்த கையும்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த படங்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். சான் மார்க்கோவின் பெரும்பீடப் படம் பீடத்தினின்று அகற்றப்பட்டது. துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. புனிதர்களான கோஸ்மாஸ், தமியான் ஆகியோரின் வரலாற்றைக் காட்டும் அடிப்பலகைகள் மியூனிக், பாரிஸ், டப்ளின், வாஷிங்டன் எனப் பல நகரங்களுக்குச் சிதறின. நடுப்பலகை மட்டும் புளோரன்சில் நின்றது. அதற்கு வந்த கேடு மற்றொன்று. அழுக்கைப் போக்க எண்ணிய யாரோ, காரமான சோடாவால் அதைக் கழுவிவிட்டார்கள். மயிரிழை மயிரிழையாக இட்ட மேற்கோடுகள் கரைந்து போயின. தேவதாயின் முகத்திலும் புனிதர்களின் முகங்களிலும் இருந்த உயிரொளி மங்கிவிட்டது. பகைவர் செய்த கேடன்று. பளிச்சென்று பார்க்கும் ஆசை செய்த கேடு. போனது திரும்பவில்லை.

ஃபியேசோலேயிலிருந்து 1611-இல் ஸ்பெயின் சென்ற மங்கள வார்த்தைப் படம் இன்று மாட்ரிட் நகரின் பிராதோ காட்சிச்சாலையில் இருக்கிறது. அதன்மேலும் நூற்றாண்டுகளின் புகையும் அழுக்கும் படிந்திருந்தன. 2018, 2019 ஆண்டுகளில் தேர்ந்த வல்லுநர் பொறுமையோடு ஆராய்ந்து தூய்மைப்படுத்தினர். நீலமும் பொன்னும் மீண்டும் ஒளி வீசின. இரண்டும் சுத்தம் செய்யும் வேலைதான். ஒன்று கெடுத்தது, மற்றது காத்தது. பொறுமையும் அறிவும் உடனிருந்ததே வேறுபாடு.

சிதறியவற்றுள் இரண்டு சிறு பலகைகள் 2006-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், ஓய்வுபெற்ற நூலகர் ஒருவருடைய சிறிய வீட்டில், ஓர் அறைக் கதவின் பின்னால் தொங்கக் கண்டெடுக்கப்பட்டன. எளிய வீட்டில் விலைமதிப்பறியாமல் காக்கப்பட்ட அவை மறு ஆண்டு 17 லட்சம் பவுனுக்கு ஏலம் போயின. 2025-இல் புளோரன்சில் நடந்த பெரிய கண்காட்சியில் அப்பீடப் படத்தின் பெரும்பாலான துண்டுகள் மீண்டும் ஒன்றுகூடின. பிரிந்த குடும்பம் திருநாளுக்கு ஒன்றுசேர்ந்ததைப் போன்ற காட்சி அது.

நமக்கு அவர் கற்பிப்பது

அன்பர்களே, இவ்வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை பல. பீடத்தை அழகுசெய்யலாமா, ஏழைக்குக் கொடுக்கலாமா என்று இரண்டில் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. இரண்டையும் செய்ய வேண்டும். நமக்கென்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நமது கணக்கையும் மனச்சாட்சியின் கையில் ஒப்படைக்கும் அளவுக்கு நேர்மையாய் இருக்க வேண்டும்.

விழா வந்துவிட்டது என்று முன்னோர் வைத்துச் சென்ற பழைய மரச் சுரூபங்களையும் திருப்படங்களையும் அவசர அவசரமாய்ச் சுரண்டி, பளபளக்கும் பெயிண்டை அப்பிவிடாதிருப்போம். தொழில் தெரிந்தவரைக் கேட்டு, தூசியை மட்டும் மெல்லத் தட்டி, ஈரமும் கரையானும் அண்டாமல் காப்போம். பழைய முகத்தில் நம் பாட்டன்மாரின் செபம் படிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. பொன்னின் அடியில் செம்மண் இருப்பது போல, ஒவ்வொரு பங்கின் அடியிலும் பெயர் தெரியாதவர்களின் உழைப்பு இருக்கிறது. கல் சுமந்தவர்கள், பிடியரிசி சேர்த்தவர்கள், விடியற்காலையில் கோவிலைப் பெருக்கியவர்கள், நோயுற்றவர் வீட்டில் இரவெல்லாம் செபமாலை சொன்னவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. விழா நாளில் மின்னுவது நாம். நம்மை மின்னச் செய்வது அவர்கள். அவர்களுக்காக ஒரு செபம் சொல்வோம்.

தாழ்ச்சியோடு தூரிகை பிடித்த முத்திப்பேறு பெற்ற ஃபிரா ஆஞ்சலிக்கோ நம் பங்குக்காகப் பரிந்து பேசுவாராக. அடுத்த யூபிலியைக் கொண்டாடும் தலைமுறைக்கு நாமும் உறுதியான அடித்தளமாய் அமைய இறைவன் அருள்வாராக!